கேம் ஓட்டினால் மட்டும் சட்டென்று அணைந்துபோகும் கம்ப்யூட்டர்

பாம்பன் டீசல்:

வணக்கம். நான் விசைப்படகு எஞ்சின் மெக்கானிக். ராத்திரி சாப்பிட்டபின் யூரோ டிரக் சிமுலேட்டர் 2 கேமில் நம்ம ஊர் அரசு பஸ் மோடை (ரசிகர்கள் செய்த கூடுதல் வண்டி) போட்டு ஒரு மணி நேரம் ஓட்டினால்தான் எனக்குத் தூக்கம் வரும். பகலெல்லாம் எஞ்சின், ராத்திரியும் எஞ்சினா என்று வீட்டில் கேட்காத நாள் இல்லை.

ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியதும் படகெல்லாம் ஓய்வுக்கு வரும், எங்களுக்கு ஓய்வு போய்விடும். அந்த 61 நாளும் எஞ்சினைப் பிரித்துக் கோக்கிற வேலைதான். இந்த வருடம் இரண்டு மாதமும் கம்ப்யூட்டர் பக்கமே போகவில்லை. படகுகள் கடலுக்குப் போனபிறகு ஒரு நாள் ஆன் செய்தேன். பாட்டு ஓடியது, யூடியூப் ஓடியது. கேமைத் திறந்து பஸ்ஸை ஸ்டாண்டை விட்டு வெளியே எடுத்துப் பத்து நிமிடம் இருக்கும், ‘டக்’ என்று ஒரு சத்தம். திரை கறுத்துவிட்டது, ஃபேன் நின்றுவிட்டது. இரண்டு விநாடியில் தானாகவே மறுபடி ஸ்டார்ட் ஆகிறது. நீலத் திரை எதுவும் வரவில்லை. ஒரு வாரமாக இதே கதை.

ரைசன் 5 3600, ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர், 16 ஜிபி ராம், 500 வாட் பவர் சப்ளை, 600 விஏ யூபிஎஸ். 2020-இல் மதுரையில் வாங்கியது. ராமநாதபுரத்தில் ஒரு கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அங்கே அரை மணி நேரம் சும்மா ஓடவிட்டுப் பார்த்துவிட்டு, போர்டு போய்விட்டது, மாற்ற வேண்டும் என்றார்கள். கேம் போட்டே பார்க்கவில்லை. எனக்கு மனது ஒப்பவில்லை.

எங்கள் பாஷையில் சொன்னால், கரையில் ஐடிலில் நன்றாக ஓடுகிறது, மடி வலையை இழுக்கும்போது நின்றுபோகிறது. அப்படி ஒரு படகு வந்தால் நான் முதலில் டீசல் ஃபில்டரைத்தான் கழற்றுவேன். இந்தப் பெட்டியில் எதைக் கழற்றுவது?

ரீஸ்டார்ட் ராஜா:

டிரைவர் பிரச்சினைதான் சகோ. டிடியு என்ற நீக்கும் மென்பொருளைப் போட்டு கிராபிக்ஸ் டிரைவரைச் சுத்தமாக நீக்கிவிட்டுப் புதிதாகப் போடுங்கள். அதற்கும் சரியாகவில்லை என்றால் விண்டோஸையே மாற்றிவிடுங்கள்.

கீழக்கரை காக்கா:

தம்பி, விண்டோஸை இப்போது தொடாதீர்கள். டிரைவர் கெட்டிருந்தால் பெரும்பாலும் கேம் மட்டும் மூடிக்கொள்ளும், திரை உறையும், இல்லாவிட்டால் நீலத் திரை வரும். ‘டக்’ என்று மொத்தமாக அணைவது முக்கால்வாசி மின்சாரம் அல்லது சூடு.

விண்டோஸ் நடந்ததையெல்லாம் குறித்து வைக்கும் ஈவன்ட் வியூவரைத் திறந்து பாருங்கள். கெர்னல்-பவர் 41 என்று சிவப்பில் இருக்கும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். முறையாக மூடாமல் அணைந்துவிட்டது என்று மட்டும்தான் அதற்குச் சொல்லத் தெரியும். வீட்டில் கரண்ட் போனாலும் அதுவே வரும். அதற்குள் பக்செக் கோட் என்ற இடத்தில் 0 இருந்தால், விண்டோஸ் எந்தப் பிழையையும் குறித்துக்கொள்ள நேரம் கிடைக்காமலே செத்திருக்கிறது என்று அர்த்தம்.

அடுத்து யூபிஎஸ். 600 விஏ என்று அட்டையில் போட்டிருந்தாலும் அது தருவது பெரும்பாலும் 360 வாட்தான். அதில் மானிட்டர், ரூட்டர் எல்லாம் சொருகியிருப்பீர்கள். பேட்டரி பழசு, சாயங்காலம் வோல்டேஜும் இறங்குகிறது என்றால் கேம் லோடுக்கு அது கையை விரித்துவிடும். ஒரு நாள் யூபிஎஸ் இல்லாமல் நேரே சுவர் பிளக்கில் போட்டு ஓட்டிப் பாருங்கள். எர்த் இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு. கேபினட்டைத் தொட்டால் சுருக்கென்று இருக்கிறதா?

எச்டபிள்யூ இன்ஃபோ என்ற மென்பொருளைப் போட்டு, அணைவதற்கு முன் சூடு எவ்வளவு என்றும் எழுதுங்கள்.

பாம்பன் டீசல்:

காக்கா, நீங்கள் சொன்னபடியே 0 தான் இருக்கிறது.

கேபினட்டில் சுருக்கென்றுதான் இருந்தது. பார்த்தால் எர்த் கம்பி மணலில் காய்ந்து கிடக்கிறது. எங்கள் தெரு முழுக்க மணல், தண்ணீர் நிற்காது. குழி தோண்டி உப்பும் கரியும் போட்டு நனைத்துவிட்டேன், இப்போது இல்லை. (கடலுக்குப் பக்கத்திலேயே இருந்துகொண்டு கடையில் உப்பு வாங்கிக் குழியில் கொட்டுகிறேன் என்று பக்கத்து வீட்டு ஆச்சி சிரித்தார்.)

சுவர் பிளக்கில் 208 வோல்ட் இருந்தது. நேரே போட்டு ஓட்டினேன். இந்த முறை நாற்பது நிமிடம் தாங்கியது, அப்புறம் அதே ‘டக்’. ஆக யூபிஎஸ் மட்டும் காரணம் இல்லை. சூடு பார்த்தேன்: பிராசஸர் 78, கிராபிக்ஸ் கார்டு 71 டிகிரி.

சும்மா இருக்க முடியாமல் இன்னொன்றும் செய்தேன். நான்கு சிலிண்டரில் எது மிஸ் ஆகிறது என்று ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்ப்போம் இல்லையா, அதே மாதிரி. சினிபெஞ்ச் போட்டு பிராசஸரை மட்டும் அரை மணி நேரம் வாட்டினேன், அசையவில்லை. ஃபர்மார்க் போட்டு கார்டை மட்டும் வாட்டினேன். நான்கே நிமிடத்தில் போய்விட்டது.

தொண்டி மாணவி:

அண்ணே, ரொம்ப நல்ல சோதனை. ஆனால் ஃபர்மார்க்கைத் திரும்பத் திரும்பப் போடாதீர்கள், எந்த கேமும் கார்டை அப்படி வதைக்காது.

78-உம் 71-உம் பயப்படுகிற சூடு இல்லை. அந்த பிராசஸருக்கு 95 வரைக்கும் வரம்பு. அப்படியானால் கார்டு, அதற்கு வருகிற மின்சாரம், இரண்டில் ஒன்று. ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளைப் போட்டு கார்டின் பவர் லிமிட்டை 70 சதவீதத்துக்குக் குறைத்து ஓட்டுங்கள். 1660 சூப்பர் 125 வாட் கார்டு, 70-இல் 88 வாட் அளவுக்கு இறங்கிவிடும். அதில் அணையாமல் ஓடினால் பவர் சப்ளையைத்தான் முதலில் சந்தேகப்படுவேன். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கார்டில் சொருகியிருக்கிற 8 பின் கனெக்டரையும் கழற்றிப் பாருங்கள். ஹாஸ்டலில் என் கணினி கடல் பக்கம் பார்த்த ஜன்னலுக்குக் கீழே இருந்தது, ராம் பின்னெல்லாம் மங்கிப்போய்விட்டது.

பாம்பன் டீசல்:

70-இல் இரண்டு மணி நேரம் ஓட்டினேன் தங்கச்சி. ஒரு தடவைகூட நிற்கவில்லை.

அப்புறம் கழற்றினேன். அந்த 8 பின் கனெக்டர் லேசில் வரவில்லை, ஆட்டி ஆட்டி எடுத்தேன். டார்ச் அடித்துப் பார்த்தால் இரண்டு பின்னில் பச்சைக் களிம்பு. அதில் ஒன்றைச் சுற்றி வெள்ளை பிளாஸ்டிக் டீ சிந்தின மாதிரி பழுப்பாகியிருக்கிறது. எனக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. படகில் பேட்டரி டெர்மினலிலும் ஸ்டார்ட்டர் மோட்டாரிலும் தினமும் பார்க்கிற அதே களிம்பு. லைட் எரியும், ஹாரன் அடிக்கும், செல்ஃப் அடித்தால் மட்டும் ‘டக்’ என்று நிற்கும். எத்தனை பேருக்கு இதைச் சொல்லித் திட்டியிருக்கிறேன்!

பெட்டி இருந்தது தெற்கு ஜன்னலோரம். மே, ஜூனில் கச்சான் காற்று நேரே அந்த ஜன்னலில்தான் அடிக்கும். ஜன்னல் கம்பியை நக்கினால் உப்புக் கரிக்கும்.

எமரி தாள் போட்டுத் தேய்த்துவிடட்டுமா காக்கா?

கீழக்கரை காக்கா:

வேண்டாம், வேண்டாம்! அந்தப் பின்னில் இருக்கிற மெல்லிய முலாம் போய்விட்டால் அடுத்த மாதமே மறுபடி களிம்பு ஏறும். பேட்டரிக்குப் போடுகிற கிரீஸும் இங்கே ஆகாது. கார்டு பக்கம் இருக்கிற பின்களை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் மெல்லிய பிரஷும் வைத்துத் துடைத்துக் காயவிடுங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

பிளாஸ்டிக் பழுப்பாகிவிட்டது என்றால் அந்த மூட்டில் தடை ஏறிச் சூடாகியிருக்கிறது. அந்த பவர் சப்ளையை மறந்துவிடுங்கள். அதைத் திறந்து பார்க்கவும் வேண்டாம், உள்ளே கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். புதிது வாங்கும்போது கூட வரும் வயரையே போடுங்கள். பழைய வயர் பொருந்துகிறதே என்று சொருகினால் கார்டு போய்விடும். கம்பெனிக்குக் கம்பெனி பின் வரிசை வேறு.

இரண்டு மாதம் சும்மா போட்டதும் ஒரு காரணம். உப்புத் தூசி, ஈரப்பதம் 75 சதவீதம் தாண்டினால் தானே நீரை இழுத்துக் கசியும். தினமும் ஓடுகிற பெட்டி உள்ளே வெதுவெதுப்பாக இருக்கும், ஈரம் அவ்வளவாகத் தங்காது. அடுத்த தடைக்காலத்தில் வாரத்துக்கு இரண்டு நாளாவது ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள்.

பாம்பன் டீசல்:

550 வாட் புதிது போட்டு ஐந்து நாள் ஆகிறது. பவர் லிமிட்டை மறுபடி 100-க்கு ஏற்றிவிட்டேன். நேற்று மூன்று மணி நேரம் ஓட்டினேன், நிற்கவில்லை. யூபிஎஸ்ஸில் மானிட்டரையும் பெட்டியையும் மட்டும் விட்டிருக்கிறேன், பேட்டரி மாற்றச் சொல்லியிருக்கிறேன். பெட்டியை உள் அறைக்கு மாற்றியாயிற்று. அரிசி டப்பாவுக்குப் பக்கத்தில்தான் இடம் கிடைத்தது, அதில் வீட்டில் கொஞ்சம் வருத்தம்.

ரீஸ்டார்ட் ராஜா:

வாழ்த்துகள் சகோ. டிரைவரையும் ஒரு தடவை அப்டேட் செய்துவிடுங்கள்.