தனியாப் பறக்கும்போது ரேடியோ செத்துப்போனா?

பல்லாவரம் பையன்: செஸ்னா 172 சின்ன விமானத்துல பயிற்சி, சீக்கிரமே முதல் சோலோ. ரேடியோ போனா டிரான்ஸ்பாண்டர்ல (ரேடாருக்கு நம்ம அடையாளம் அனுப்புற கருவி) 7600ங்கிற கோடு போடணும்னு தெரியும். ஆனா கை முதல்ல எங்க போகணும் அண்ணா?

தாம்பரம் அண்ணன்: கன்ட்ரோல்ல இருந்து எடுக்காதே தம்பி. உயரமும் வேகமும் பிசகவே கூடாது. அப்புறம் ஹெட்செட் பிளக்கை அழுத்திப் பாரு. முழங்கால் பட்டே கழண்டிருக்கும். வால்யூம், அலைவரிசை, சர்க்யூட் பிரேக்கர் எல்லாம் சரியா இருக்கான்னு பாரு. பேசுற பட்டன் சிக்கியிருந்தா மத்தவங்க பேச்சையும் சேர்த்து அடைச்சிடும், அதை மறக்காதே. மின்னோட்டம் காட்டுற அம்மீட்டரையும் பாரு. கரன்ட் தயாரிக்கிற ஆல்டர்னேட்டர் போயிருந்தா, டிரான்ஸ்பாண்டரும் பேட்டரி தாங்குற வரைக்கும்தான் ஓடும். 172ல ஃபிளாப்பும் (இறக்கையோட பின்பக்க மடிப்பு) கரன்ட்லதான் இறங்கும்.

வேளச்சேரிக்காரர்: பதில் வரலைன்னாலும் பேசிக்கிட்டே இரு, உன் குரல் அவங்களுக்குக் கேக்கலாம். கன்ட்ரோல் டவர்ல இருந்து காட்டுற விளக்கு நிலையான பச்சைன்னா இறங்கலாம். நிலையான சிவப்புன்னா வழிவிட்டுச் சுத்து. விட்டுவிட்டு சிவப்புன்னா இறங்காதே. பகல்ல இறக்கையை ஆட்டிப் பதில் சொல்லு.

பல்லாவரம் பையன்: மேகம் சூழ்ந்துட்டா?

தாம்பரம் அண்ணன்: உள்ளே நுழையவே நுழையாதே. தரை தெரியற பக்கமாவே வந்து, கிட்ட இருக்கற தோதான தளத்துல இறங்கு. இறங்கினதும் டவருக்கு போன் போடு, உன்னைத் தேடிக்கிட்டு இருப்பாங்க.