கெடு தேதியில் கட்டியவருக்கும் அபராதம் விழுகிறது, அவசரம் (ஃபினராக்ட்)

குமரன்_டெவ்
நண்பர்களே, ஃபினராக்ட் என்ற ஓப்பன் சோர்ஸ் கோர் பேங்கிங் (கடன், சேமிப்புக் கணக்குகளை நடத்தும்) மென்பொருளை ஒரு மைக்ரோஃபைனான்ஸ் (சிறுகடன்) கிளையண்டுக்கு செட்டப் பண்ணிக் கொடுத்திருக்கிறோம். தவணை தேதியன்றே பணம் கட்டியவர்கள் சிலருக்கு அபராதம் விழுகிறது. எல்லோருக்கும் இல்லை, சிலருக்கு மட்டும். எந்த சார்ஜ் அமைப்பை மாற்றியும் சரியாகவில்லை. நாளைக் காலை கிளையண்டோடு மீட்டிங், யாராவது இதைப் பார்த்திருக்கிறீர்களா?

டாக்கர்தாசன்
வெர்ஷன் என்ன? டேட்டாபேஸ் மரியாடிபியா போஸ்ட்கிரஸா? டாக்கரில் (மென்பொருளைத் தனித்தனி கன்டெய்னரில் அடைத்து ஓட்டும் முறை) ஓடுகிறதா? கிளையண்ட் எந்த ஊர்? இதெல்லாம் சொல்லாமல் 'சரியாகவில்லை' என்றால் நாங்கள் எதைப் பார்த்துச் சொல்வது.

வரவுசெலவு
கண்டிப்பாக ரவுண்டிங்தான். நாணய அமைப்பில் தசம இடம் 2 என்று விட்டிருப்பீர்கள், வசூலிப்பவர் முழு ரூபாயாக வாங்கியிருப்பார், நாற்பது பைசா பாக்கி நின்று அதுவே ஓவர்டியூ (கெடு தாண்டிய நிலுவை) ஆகியிருக்கும். நான் பார்த்த கேஸ் எல்லாம் இதுதான்.

குமரன்_டெவ்
டாக்கர், மரியாடிபி. வெர்ஷன் 1.8. ரவுண்டிங் இல்லை அண்ணே, தொகை முழுசாகத்தான் வந்திருக்கிறது, பைசா பாக்கி இல்லை.

மூத்தவன்
தம்பி, கோர் பேங்கிங் என்பது வேர்ட்பிரஸ் தளம் இல்லை, டாக்கர் கம்போஸ் தட்டிவிட்டு கிளையண்டிடம் கொடுப்பதற்கு. குளோபல் கான்ஃபிகரேஷனில் 'பெனால்டி வெயிட் பீரியட்' என்று ஒன்று இருக்கிறது, கெடு முடிந்து எத்தனை நாள் பொறுத்து அபராதம் போடுவது என்பது, டிஃபால்ட் 2 நாள். அதை மாற்றினீர்களா? மாற்றியிருந்தால் ஏன் மாற்றினீர்கள் என்று யோசித்தீர்களா? டாக்குமெண்ட்டை ஒரு முறை முழுசாகப் படித்துவிட்டு வாருங்கள்.

குமரன்_டெவ்
0 வைத்திருக்கிறோம் சார். கெடு முடிந்த மறுநாளே அபராதம் வேண்டும் என்று கிளையண்ட் கேட்டார்கள். ஆனால் இவர்கள் மறுநாள் கட்டவில்லையே, அன்றைக்கே கட்டியிருக்கிறார்கள். கிளையண்ட் உகாண்டாவில், கம்பாலா. சர்வர் ஃபிராங்க்ஃபர்ட்டில்.

டாக்கர்தாசன்
இதை முதல் வரியிலேயே சொல்லியிருக்கலாமே! கன்டெய்னருக்கு டைம்சோன் கொடுக்கவில்லை, யுடிசியில் (உலகப் பொது நேரம்) ஓடுகிறது, அவ்வளவுதான். என்விரான்மெண்ட்டில் கம்பாலா நேரத்தைப் போட்டு மறுபடி ஏற்றுங்கள்.

குமரன்_டெவ்
போட்டுவிட்டேன். டேட்டாபேஸ் கன்டெய்னருக்கும் சேர்த்து. நேற்று இரவும் மூன்று பேருக்கு விழுந்திருக்கிறது.

லெட்ஜர்_லதா
சார்ஜ் அமைப்பைக் கொஞ்சம் விடுங்கள். அபராதம் விழுந்தவர்கள் எத்தனை மணிக்குக் கட்டினார்கள் என்று மட்டும் எடுத்துப் போடுங்கள். கிளையில் நேரில் கட்டியவர் யாராவது அந்தப் பட்டியலில் இருக்கிறாரா?

குமரன்_டெவ்
இல்லை!! எல்லாம் மொபைல் மணி. 21:41, 22:05, 22:50, 23:12... ஒன்பதரைக்கு முன்னால் கட்டிய ஒருவர்கூட இல்லை.

லெட்ஜர்_லதா
கிடைத்துவிட்டது. கம்பாலாவில் இரவு 9:30 என்றால் இந்தியாவில் நள்ளிரவு 12. ஃபினராக்டில் டிஃபால்ட் டெனன்ட்டின் (சிஸ்டத்துக்குள் ஒரு நிறுவனத்துக்கான தனிப் பகுதி) டைம்சோன் 'ஆசியா/கொல்கத்தா' என்றுதான் வரும். ஓவர்டியூ அபராதம் போடும் தானியங்கி ஜாப் நள்ளிரவுக்கு ஓடுகிறது, ஆனால் அது டெனன்ட்டின் நள்ளிரவு. கன்டெய்னர் எந்த நேரத்தில் இருந்தாலும் அதைக் கண்டுகொள்ளாது. அங்கே கடனாளிக்கு இன்னும் இரண்டரை மணி நேரம் பாக்கி இருக்கும்போதே, சிஸ்டத்துக்கு மறுநாள் பிறந்துவிடுகிறது. வெயிட் பீரியட் 0 என்பதால் உடனே அபராதம். அது 2 ஆகவே இருந்திருந்தால் இது உங்கள் கண்ணில் பட்டிருக்கவே வாய்ப்பில்லை.

இன்னொன்றையும் பாருங்கள். உங்கள் லோன் புராடக்டில் ரீபேமெண்ட் ஸ்ட்ராடஜி (வந்த பணம் எதற்கு முதலில் போகும் என்பது) 'பெனால்டி, ஃபீஸ், வட்டி, அசல்' என்ற வரிசையில் இருந்தால், பத்து மணிக்கு வந்த பணம் முதலில் அந்த அபராதத்துக்குப் போயிருக்கும். அப்போது தவணையில் அந்த அளவு குறையும், மறுநாள் அவர் நிஜமாகவே ஓவர்டியூ ஆகிவிடுவார். முழுத் தொகையையும் நேரத்துக்குக் கட்டிய மனிதர் நிலுவைப் பட்டியலில் நிற்பார்.

குமரன்_டெவ்
அதே ஸ்ட்ராடஜிதான் அக்கா. ஐயோ. சரி, டெனன்ட் டைம்சோனுக்கென்றே ஒரு என்விரான்மெண்ட் வேரியபிள் இருக்கிறதே, அதை மாற்றினால் போதுமா?

லெட்ஜர்_லதா
போதாது. அந்த வேரியபிள் முதல் தடவை டெனன்ட் அட்டவணை உருவாகும்போதுதான் உள்ளே போகிறது. ஏற்கெனவே ஓடும் சிஸ்டத்தில் டெனன்ட் ஸ்டோர் டேட்டாபேஸில் 'டெனன்ட்ஸ்' அட்டவணையில் உள்ள டைம்சோன் மதிப்பையே மாற்ற வேண்டும். டெனன்ட் விவரம் கேஷில் (தற்காலிக நினைவகம்) இருக்கும், ஜாப்களின் நேரமும் ஏற்றும்போதுதான் பதிவாகும், ஆகவே ரீஸ்டார்ட் கட்டாயம். பேக்கப் எடுத்துவிட்டுச் செய்யுங்கள், 9:30க்கு முன்னால்.

மூத்தவன்
புரொடக்‌ஷன் டேட்டாபேஸில் நேரடியாக எஸ்கியூஎல் அடிக்கச் சொல்லிக் கொடுக்கிறீர்கள். நன்றாக இருக்கிறது.

லெட்ஜர்_லதா
வேறு வழி இருந்தால் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

வரவுசெலவு
அது இருக்கட்டும், உலகம் முழுக்க ஓடுகிற மென்பொருளில் கொல்கத்தா நேரம் ஏன் டிஃபால்ட்? மிஃபோஸ்காரர்கள் இதைக்கூடவா பார்க்கவில்லை?

மூத்தவன்
மிஃபோஸ் வேறு, ஃபினராக்ட் வேறு. 2006இல் கிராமீன் ஃபவுண்டேஷன் வெளியிட்டது மிஃபோஸ். 2011இல் அவர்கள் விலகி, மிஃபோஸ் இனிஷியேட்டிவ் என்று தனி அமைப்பு வந்தது. 2015 டிசம்பரில் பின்னணி நிரல் மட்டும் அப்பாச்சி இன்குபேட்டருக்குப் போய், 2017 ஏப்ரலில் முழுத் திட்டமாக ஆனது. அதுதான் ஃபினராக்ட். நீங்கள் பார்க்கும் வெப் ஆப் இன்னும் மிஃபோஸ் பக்கம், லைசென்ஸும் வேறு. இது தெரியாமல்தான் பாதிப் பேர் தப்பான இடத்தில் பக் ரிப்போர்ட் போடுகிறார்கள்.

டாக்கர்தாசன்
வரலாறு சரி, கேள்விக்குப் பதில்? ஆரம்பக் காலத்தில் மிஃபோஸைப் பயன்படுத்தியவர்களில் பெங்களூர் மைக்ரோஃபைனான்ஸ் நிறுவனமான கிராமீன் கூட்டாவும் ஒன்று. இந்திய டெவலப்பர்களும் நிறையப் பேர். அந்தக் கால வழக்கம் அப்படியே நின்றிருக்கும் என்பது என் யூகம். யுடிசி ஆக்கச் சொல்லி ஜிராவில் (திட்டத்தின் பிழைப் பதிவேடு) டிக்கெட் போட்டு ஒரு பிஆர் (நிரல் திருத்தம்) அனுப்பினால் என்ன?

வரவுசெலவு
யார் அனுப்புவார்கள்? ஆளாளுக்கு ஃபோர்க் (தனி நகல்) எடுத்து, உள்ளே வெட்டி ஒட்டி, கிளையண்டிடம் 'எங்கள் சொந்த கோர் பேங்கிங்' என்று விற்கிறார்கள். மூன்று வெர்ஷன் கழிந்ததும் அப்ஸ்ட்ரீமோடு (மூலத் திட்டம்) சேர்க்க முடியாமல் அங்கேயே தங்கிவிடுகிறார்கள்.

மூத்தவன்
அப்பாச்சி லைசென்ஸ் அதை அனுமதிக்கிறது. திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

வரவுசெலவு
அனுமதி இருக்கிறது, சார். நான் சொல்வது, எல்லோரும் எடுத்துக்கொண்டே இருந்தால் ரிலீஸ் மேனேஜர் வேலையை யார் சம்பளமில்லாமல் பார்ப்பது என்று.

டாக்கர்தாசன்
அது தனி இழைக்கு நல்ல தலைப்பு, இங்கே வேண்டாம். குமரன், ஆச்சா இல்லையா?

குமரன்_டெவ்
'ஆப்பிரிக்கா/கம்பாலா' என்று மாற்றி ரீஸ்டார்ட் செய்தேன். நேற்று 22:30க்குக் கட்டிய இருவருக்கு அபராதம் இல்லை. லதா அக்காவுக்கு நன்றி. ஏற்கெனவே விழுந்த அபராதங்களை எப்படி எடுப்பது? வெயிவ் (தள்ளுபடி) கொடுத்தால் பிழை வருகிறது.

லெட்ஜர்_லதா
கட்டி முடித்த சார்ஜை வெயிவ் செய்ய விடாது. அந்த ரீபேமெண்ட்டை முதலில் அன்டூ செய்யுங்கள், அப்புறம் அபராதத்தை வெயிவ் செய்யுங்கள், பிறகு அதே தேதியில் அதே தொகையை மறுபடி பதியுங்கள். ஒரு கணக்கில் செய்து, ரீபேமெண்ட் ஷெட்யூலும் ஜர்னல் என்ட்ரியும் ஒத்துப்போகிறதா பார்த்துவிட்டு மற்றதைத் தொடுங்கள். போன மாதக் கணக்கை கிளையண்டின் அக்கவுண்ட்ஸ் ஆட்கள் குளோஸ் செய்துவிட்டார்களா? செய்திருந்தால் அந்தத் தேதிக்கு எதையும் பதிய முடியாது. அதை முதலில் கேட்டுச் சொல்லுங்கள்.

புதியவன்77
எனக்கும் இதே பிரச்சினை, ஆனால் அபராதம் இல்லை, சேமிப்புக் கணக்கில் வட்டி ஏறவில்லை. என்ன செய்வது?

டாக்கர்தாசன்
அது எப்படி இதே பிரச்சினை? வெர்ஷன் என்ன?

லெட்ஜர்_லதா
குமரன், குளோஷர் பற்றிக் கேட்டீர்களா?