நீதிப்புனராய்வு: ரிட் மனு போடலாமா, விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

குழு நண்பர்களுக்கு வணக்கம். அம்மாவுக்கு வந்துகொண்டிருந்த விதவை உதவித்தொகையை நிறுத்திவிட்டார்கள். விசாரணைக்குக் கூப்பிடவில்லை, நோட்டீஸும் இல்லை. கையில் இருப்பது அரைப்பக்கத் தாள், அதில் 'தகுதியில்லை, ரத்து' என்று ஒரே வரி, கீழே ரப்பர் ஸ்டாம்பும் பச்சை மையில் கையெழுத்தும், அவ்வளவுதான்.

அரசியலமைப்பின் 226-வது பிரிவில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் (அரசு அலுவலகத்துக்கு உத்தரவிடும்படி கோர்ட்டைக் கேட்கும் மனு) போடலாம், இதற்குப் பெயர்தான் நீதிப்புனராய்வு என்றார் தெரிந்த வக்கீல் அண்ணன் ஒருவர். நான் இதுவரை அதையும் சீராய்வு மனுவையும் ஒன்றென்றே நினைத்திருந்தேன். சீராய்வு, கோர்ட் தன் தீர்ப்பையே திரும்பப் பார்ப்பது; இது அரசின் உத்தரவோ சட்டமோ அரசியலமைப்புக்கு உட்பட்டதா என்று பார்ப்பது. சட்டத்தை அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணையில் (கோர்ட்டில் கேள்வி கேட்காதபடி சட்டங்களைக் காக்க வைத்த பட்டியல்) வைத்தாலும் இந்தப் பார்வையிலிருந்து தப்ப முடியாது என்று 2007-இல் சுப்ரீம் கோர்ட்டின் 9 நீதிபதிகள் சொன்னது கூடலூர் ஜன்மம் நிலச் சட்டத்தில் தொடங்கிய நம் மாநில வழக்கில்தான். அதைப் படித்த பிறகுதான் கொஞ்சம் தைரியம் வந்தது.

சரி, என் சந்தேகம் இதுதான். கோர்ட் பெரும்பாலும் முடிவெடுத்த முறையைத்தான் பார்க்கும், மேல்முறையீடு மாதிரி முடிவையே மாற்றி எழுதாது என்கிறார்கள். அப்படியானால் விளக்கம் கேட்காமல் ரத்து செய்தது தவறென்று ஜெயித்தாலும், பணம் உடனே திரும்ப வருமா, இல்லை மறுபடி அதே அலுவலகத்துக்கே அனுப்பிவிடுவார்களா? முதலில் ஆர்.டி.ஓ.விடம் (வருவாய்க் கோட்டாட்சியர்) மேல்முறையீடு செய்தே ஆக வேண்டுமா? அம்மாவின் மாத்திரைச் செலவே அந்தப் பணத்தில்தான் ஓடியது. இப்படி வழக்கு நடத்திய அனுபவம் யாருக்காவது இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள்.