மறு: ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் – தமிழில் என்ன?

வணக்கம். தைராய்டு மிகைச் சுரப்பு பற்றிய நோயாளர் கையேடு நாளை காலை அச்சுக்குப் போகிறது. ஒரு சொல்லில் சிக்கி நிற்கிறேன். ஹார்மோன் மிஞ்சினால் சிலருக்கு இதய மேலறை சீராகச் சுருங்காமல் புழுப்போல் நெளிகிறதே, அதற்கு 'மேலறை நடுக்கம்' என்று எழுதியிருந்தேன். மூன்று வரி மேலே 'கை நடுக்கம்' நிற்கிறது. மெய்ப்புப் பார்த்தவர் ஓரத்தில், "இரண்டும் ஒரே நடுக்கமா?" என்று கேட்டிருக்கிறார்.

---

அம்மா, 'விதிர்ப்பு' இருக்கக் கவலை எதற்கு? "அதிர்வும் விதிர்ப்பும் நடுக்கம் செய்யும்" என்று தொல்காப்பியர் உரியியலில் சொல்லிவிட்டார். கையோடு தைராய்டையும் 'கேடயச் சுரப்பி' ஆக்கிவிடுங்கள். 1656இல் ஆங்கில மருத்துவர் வார்ட்டன் வைத்த பெயருக்குள் இருப்பது கிரேக்கக் கேடயம்தான்.

---

நூற்பா உங்களையே கவிழ்க்கிறது, ஐயா. மூன்றும் ஒரே பொருள் என்கிறார் அவர்; அம்மா கேட்பதோ வேறுபாடு. மூலத்துக்குப் போவோம்: ஃபிப்ரில்லா என்றால் சிறுநார். ஆகவே 'நாரதிர்வு'. தவிர, கேடயம் வடசொல். சங்கப் பாடல்களில் அதற்குப் பெயர் 'தோல்'.

---

'தோல் சுரப்பி' என்றால் வியர்வையை நினைப்பார்கள். 'நாரதிர்வு' என்றால் நாரதரைத் தேடுவார்கள்.

நான் இதயப் பிரிவில் வேலை பார்ப்பவன். இந்நோயாளியின் மணிக்கட்டில் விரல் வைத்துப் பாருங்கள்: இரண்டு துடிப்பு ஒட்டி வரும், ஓர் இடைவெளி, ஒன்று ஓங்கி அடிக்கும், அடுத்தது விரலுக்கு எட்டாமலே போகும். மேலறையில் நிமிடத்துக்கு 350க்கு மேல் மின்தூண்டல்கள்; அவற்றில் எது கீழறைக்கு இறங்கும் என்பதற்குக் கணக்கே இல்லை. நெளிவு உள்ளே கிடக்கிறது, வெளியே தெரிவது தாளம் தப்புவதுதான். மிகைச் சுரப்பைச் சரிசெய்தால் பலருக்குத் தாளம் திரும்பியும் விடும். 'மேலறைத் தாளப்பிசகு' எனலாமே? மேலறையில் தேங்கும் இரத்தம் உறைந்து, கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். படிப்பவர் அகராதியைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது.

---

தாளப்பிசகு எல்லா அரித்மியாவுக்கும், அதாவது துடிப்பின் ஒழுங்கு கெடும் எல்லா நோய்க்கும், பொது. சீராக, ஆனால் மிக வேகமாக அடித்துக்கொள்ளும் ஃபிளட்டரும் மேலறையில் வருவதுதானே, அதற்கு என்ன வைப்பீர்கள்? 'படபடப்பு' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அதை மக்கள் பயத்துக்கு எடுத்துக்கொண்டு வெகுநாளாகிறது.

---

மணி பதினொன்று. 'மேலறை நடுக்கம்' அப்படியே இருக்கட்டும். பக்கத்தில் "நாடி தாளம் தப்பும்" என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். மாற்றியது மேலே இருந்த கை நடுக்கத்தைத்தான்: 'விரல் உதறல்'. எல்லோருக்கும் நன்றி.

---

உதறலும் விதிர்ப்புதான், அம்மா.