புதுப்பிப்பு: மாநகராட்சிப் பள்ளியில் என்எம்எம்எஸ் மாலை வகுப்பு, பிள்ளைகள் இப்போது வருகிறார்கள்

சென்னை மாநகராட்சிப் பள்ளி ஒன்றில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தன்னார்வலர்கள் நாங்கள் என்எம்எம்எஸ் (வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கான மத்திய அரசு உதவித்தொகை) தேர்வுக்குச் சொல்லித் தருகிறோம், பாதிப் பேர் வருவதில்லை, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பேசச் சொன்னதுதான். அந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர். தேர்வானால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் என்றதும் அம்மாக்கள் விடாமல் விசாரித்தார்கள். உண்மையான சிக்கலும் அங்கேதான் தெரிந்தது: மாலையில் தம்பி தங்கையை யார் பார்ப்பது? சரி, அவர்களும் வரட்டும் என்றோம். இப்போது சின்னப் பிள்ளைகள் பின்னால் பாய் விரித்து உட்கார்ந்து படம் வரைகிறார்கள். பரிசு கொடுத்துப் பார்த்தது எடுபடவில்லை.

எதிர்பாராதது, தேர்வில் பாடத்தைக் கேட்காமல் யோசிக்கும் திறனைச் சோதிக்கும் மனத்திறன் தாள். 90 கேள்விக்கு 90 நிமிடம். பாடம் நன்றாகத் தெரிந்த பிள்ளைகளே இதில் திணறினார்கள். ஓஎம்ஆர் விடைத்தாளில் சரியான விடைக்குரிய வட்டத்தை நிரப்பவே தனியாகப் பழக்க வேண்டியிருந்தது.

அப்புறம், குடும்ப ஆண்டு வருமானம் 3.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். வருமானச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் முன்கூட்டியே விண்ணப்பித்துவிடுங்கள்.