‘டைபேக்’ என்பதற்குப் ‘பட்டிறங்குதல்’: ஒரு முன்மொழிவும் அதன் காரணங்களும்

அன்புடையீர், வணக்கம்.

மரக்கிளை நுனியிலிருந்து கீழ்நோக்கிக் காய்ந்து வருவதை ஆங்கிலத்தில் ‘டைபேக்’ (dieback) என்பார்கள். மர நோய்ச் சொற்பட்டியலில் அதற்கு நேராக உள்ள ‘நுனிக்கருகல்’ என்னும் சொல்லை மாற்ற வேண்டும் என்று சென்ற வாரம் எழுதியிருந்தேன். மிளகாய்க்கு வேளாண் நூல்களில் நெடுநாளாக வழங்கிவரும் சொல்லை மரத்துக்கு மட்டும் ஏன் கைவிட வேண்டும் என்று பேராசிரியர் ஐயா கேட்டிருந்தார்கள். கேள்வி நியாயமானது என்பதால் சற்று விரிவாகவே விடை எழுதுகிறேன்.

மிளகாய்ச் செடியைப் பொறுத்தவரை அந்தச் சொல்லில் எனக்கு மறுப்பில்லை. மண்டபத்திலிருந்து தேவிபட்டினம் வரையுள்ள எங்கள் இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில், சாலையோரத்திலும் கோயில் திடலிலும் பள்ளி வளாகத்திலும் நிழலுக்காக வளர்க்கும் மரங்களுக்கு அந்தச் சொல் பொருந்தவில்லை. வாடைக் காற்று வீசும் மாதங்களில் கடலின் நீர்த்திவலை உப்போடு வந்து படிந்து, கடலைப் பார்த்த பக்கத்தில் மட்டும் இலை விளிம்பையும் கொழுந்தையும் தீய்த்துவிடும். இதைத்தான் இங்குள்ளவர்கள் கருகல் என்கிறார்கள். பூஞ்சையால் வேப்பங்கொப்பு காய்வதையும் அதே சொல்லால் குறித்தால் கேட்பவருக்கு உப்புக்காற்றுதான் நினைவுக்கு வரும்.

இது ஊகமன்று. உச்சிப்புளிக்கு அருகே ஒரு கண்மாய்க் கரையில் நின்ற வேம்புகளுக்காக, ‘நுனிக்கருகல் கண்ட கிளைகளை மழைக்கு முன் நீக்குக’ என்று குறிப்பு எழுதிக் கொடுத்தவன் நானே. ஊரார் கடற்பக்கத்துக் கிளைகளை, அடுத்த மாதமே தளிர்த்திருக்கக்கூடிய நல்ல கிளைகளை, வெட்டிச் சாய்த்தார்கள். நோயுற்றவை அப்படியே நின்றன. நான் தேர்ந்த சொல்தான் அவர்களை அங்கே கொண்டு விட்டது. அந்த வருத்தம் இன்னும் எனக்கு உண்டு.

பிறகு அந்த மரத்தடியில் ஒரு பனையேறிப் பெரியவர் சொன்னார்: “இது கருகல் இல்லீங்கய்யா. கொப்பு பட்டுக்கிட்டே கீழ இறங்குது.” விரல் பருமனுள்ள ஒரு கிளையை வளைத்து, காய்ந்த பகுதியும் இலையுள்ள பகுதியும் சேரும் இடத்தில் என் பேனாக்கத்தியால் பட்டையைச் சீவிக் காட்டினார். மேற்பட்டை பச்சையாகவே இருந்தது. ஆனால் அதன் அடியில் கட்டையோடு ஒட்டிப் பழுப்பு நிறக் கீற்று ஒன்று ஒரு சாண் தூரம் முன்னதாகவே கீழ்நோக்கி ஓடியிருந்தது. காய்ந்த குச்சியைத் தடவினால் கடுகினும் சிறிய கரும்புள்ளிகள் விரல் நுனியில் சொரசொரத்தன. உப்பால் தீய்ந்த கிளையைச் சீவியபோது, இலை கருகிய இடத்துக்கு அடியிலும் பட்டையின் உட்புறம் பச்சையாக, ஈரமாக இருந்தது. இரண்டையும் பிரித்தறிய இதைவிட எளிய வழியை நான் அறியேன்.

வேம்பில் இந்த நிலையை உண்டாக்கும் பூஞ்சை ஃபோமாப்சிஸ் அசாடிராக்டே. மழை தொடங்கும்போது தலைகாட்டி, மழைக்காலத்தின் பிற்பகுதியிலும் முன்பனியிலும் முற்றும். பூவையும் காயையும்கூடப் பற்றும். தேயிலைக் கொசு என்னும் சாறுறிஞ்சும் பூச்சி இளந்தளிரில் சாறு உறிஞ்சினாலும் தளிர் வாடிக் காயும். இரண்டும் ஒரே மரத்தில் சேர்ந்து வருவதும் உண்டு. வேர் அறுபட்டாலும், தூரைச் சுற்றிச் சிமெண்டுத் தளம் போட்டு மூடினாலும் கிளை நுனியிலிருந்து காய்ந்து வரலாம். ஆகவே ‘டைபேக்’ என்பது நோயின் பெயரன்று, நோய்க்குறியின் பெயர். சொல்லோடு ‘நோய்’ என்பதை ஒட்டக் கூடாது என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். பூஞ்சை உறுதியான இடத்தில் ‘பூஞ்சைப் பட்டிறங்குதல்’ என்று அடைகொடுத்துக்கொள்ளலாம்.

சொல் சரியாக அமைந்தால் வெட்ட வேண்டிய இடத்தையும் அதுவே சொல்லிவிடும். கருகியதை நீக்கு என்றால் காய்ந்த பகுதியோடு கை நின்றுவிடும். எதுவரை இறங்கியிருக்கிறது என்று கேட்டால் பட்டையைச் சீவிப் பார்க்கத் தோன்றும். பழுப்புக் கீற்று முடிந்த இடத்துக்கும் ஒரு சாண் கீழே, அடுத்த கவை வரை போய், கிளை பிறக்கும் இடத்திலுள்ள புடைப்பைக் காயப்படுத்தாமல் அதை ஒட்டி வெளிப்புறமாக அறுக்க வேண்டும். மரம் காயத்தை ஆற்றுவதில்லை, சுற்றிச் சுவர் எழுப்பிச் சிறைப்படுத்துகிறது என்று அமெரிக்க ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோ 1977-இல் விளக்கியதன் பயன் இங்கேதான். அந்தப் புடைப்பைச் சேர்த்து அறுத்துவிட்டால் அடிமரத்துக்குள் அழுகல் புக வழி திறந்துவிடும். வெட்டுவாயில் தார் பூசுவதால் அழுகல் நிற்பதில்லை. மழையில்லாத நாளில் வெட்டி, மரத்துக்கு மரம் அறுக்கும் வாளை 70 விழுக்காடு ஸ்பிரிட்டால் துடைத்து, கழிவை அன்றே எரித்துவிட வேண்டும். கார்பெண்டாசிம் என்னும் பூஞ்சைக்கொல்லி மருந்தை லிட்டருக்கு 1 கிராம் கலந்து தெளிப்பது கைக்கெட்டும் கன்றுகளுக்கு ஆகும்; ஐம்பதடி வேம்புக்கு ஆகாது.

இனி மறுப்புகள். ‘பட்டு’ என்றதும் துணிதானே நினைவுக்கு வரும் என்றார் ஒரு நண்பர். ‘பட்ட மரம்’, ‘பட்டுப்போன கிளை’ என்பவை எல்லாத் தமிழரும் அறிந்த வழக்கு. மரத்தைப் பற்றிய பேச்சில் துணி குறுக்கிடாது. ‘பட்டிறங்கல்’ என்று முதலில் நான் எழுதியதை, காதில் ‘இரங்கல்’ போல ஒலிக்கிறது என்று அம்மையார் ஒருவர் சுட்டிக்காட்டினார்கள். அது சரியான திருத்தம். நன்றியோடு ஏற்று, ‘பட்டிறங்குதல்’ என்று மாற்றிக்கொண்டேன். ‘வாடல்’ போதாதா என்ற கேள்விக்குத் தென்னையின் தஞ்சாவூர் வாடல் நோயே விடை: கேனோடெர்மா பூஞ்சை அங்கே வேரிலும் தூரிலும் தொடங்கி மேலேறுகிறது. இது நேர் எதிர்த் திசையில் வருவது. ‘பின்காய்வு’ என்பது ஆங்கிலத்தைப் பிரித்துப் பெயர்த்தது. மரத்தில் பின் எது, முன் எது என்று கேட்டால் விடையில்லை.

வினையாகவும் வழங்க முடிவது இச்சொல்லின் வலிமை: கிளை பட்டிறங்குகிறது, பட்டிறங்கிய கொப்பு, இரண்டு முழம் பட்டிறங்கியிருக்கிறது. பட்டியலில் பின்வருமாறு பதியலாம் என முன்மொழிகிறேன்.

பட்டிறங்குதல்: மரத்தின் கிளை நுனியில் தொடங்கி அடிமரம் நோக்கிப் படிப்படியாகப் பட்டுவரும் நோய்க்குறி, பூஞ்சை, பூச்சி, வேர்ச்சேதம் முதலியவற்றால் உண்டாவது. உப்புக்காற்றால் இலை கருகுவதைக் குறிக்காது.