அக்ஸியோ 141: பி0118 கோட். சென்சர் மாத்தத்தான் வேணுமோ?

கொக்குவில் 141:
என்ரை கார் ரொயோட்டா அக்ஸியோ 141, 1என்இசட் எஞ்சின். செக் எஞ்சின் லைற் எரியுது, ஸ்கானரிலை பி0118. ஃபான் நிக்காமல் ஓடுது, விடிய ஸ்ராட் எடுக்க ரெண்டு மூண்டு தரம் அடிக்கவேணும். கராஜிலை டெம்பரேச்சர் சென்சரை மாத்தச் சொல்லினம். அதுதான் பிழை எண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது அண்ணை?

ஓம்மீற்றர்:
பி0118 எண்டால் கூலன்ற் (எஞ்சினை ஆத்துற தண்ணி) சூட்டை அளக்கிற சென்சரின்ரை சேர்க்கிற் எங்கையோ அறுந்திருக்கு, அவ்வளவுதான். சென்சர் செத்துப்போச்சு எண்டு கோட் சொல்லேல்லை. ஈசியூ, அதாவது எஞ்சின் கொம்பியூட்டர், எஞ்சினை 80 பாகை எண்டு தானாய் எடுத்துக்கொள்ளும். அதாலை விடியக் குளிர் எஞ்சினுக்குப் பெற்றோல் காணாது.

ஆனால் ஸ்கானரின்ரை லைவ் டேற்றாவிலை (அந்த நேரத்து வாசிப்பிலை) கூலன்ற் -40 பாகை காட்டும். சென்சரின்ரை கொனெக்ரரைக் கழட்டி, வயர்ப்பக்க ரெண்டு பின்னையும் துண்டு வயராலை தொடுத்துப் பாருங்கோ. 140க்குப் பாய்ஞ்சால் வயரும் ஈசியூவும் சுகம். -40 இலேயே நிண்டால் சென்சருக்குக் காசு குடுக்காதேங்கோ, வயரைத் தேடுங்கோ.

பிறகு சென்சரை அளவுங்கோ. சூடேற ஓம் குறையிற சாமான் இது: 20 பாகையிலை 2.3–2.6 கிலோ ஓம், 80 பாகையிலை 310–326 ஓம். எங்கடை 30 பாகை வெக்கையிலை 1.7 கிலோ ஓம் கிட்டக் காட்டினால் பிழையில்லை.

குருநகர் வயர்மன்:
அதுக்கு முதல் பின்னைப் பாருங்கோ. உப்புக்காத்திலை நிக்கிற வாகனங்களிலை பச்சை பூத்துப்போயிருக்கும். கொன்ராக்ற் கிளீனர் அடிச்சுப் பூட்டி, வயரை ஆட்டிக்கொண்டு ஸ்கானரைப் பாருங்கோ. வாசிப்பு விழுந்து எழும்பினால் பிழை கொனெக்ரர் அடியிலை.

கொக்குவில் 141:
பின் சுத்தம். தொடுத்தால் 140 காட்டுது. சென்சரை அளந்தால் மீற்றர் அசையவே இல்லை.

ஓம்மீற்றர்:
அப்ப சென்சர்தான் உள்ளுக்கை அறுந்திருக்கு, மாத்துங்கோ. எஞ்சின் நல்லா ஆறினாப் பிறகு ரேடியேற்றர் மூடியைத் திறந்து, 19 மிமீ நீள சொக்கெற்றாலை சென்சரைக் கழட்டுங்கோ. புது வாஷர் போடுங்கோ. இறுக்கம் 20 நியூட்டன் மீற்றர் காணும். ஹெட் அலுமினியம், பலத்தைக் காட்டினால் மரை போயிடும்.

குறையிற கூலன்றுக்குக் கிணத்துத் தண்ணி விடாதேங்கோ. எங்கடை தண்ணியிலை இருக்கிற சுண்ணாம்பு சென்சர் நுனியிலை படிஞ்சால் புதுச் சென்சரும் சூட்டைப் பிந்தித்தான் உணரும். ஹீற்றரைக் கூட்டி வைச்சு, மூடி திறந்தபடி ஐடிலிலை விட்டுக் காத்தை எடுங்கோ. நுனி காத்துக் குமிழுக்கை நிண்டால் வாசிப்பு தாறுமாறாய்ப் போகும்.

குருநகர் வயர்மன்:
அடுத்த நாள் விடிய, ஸ்ராட் பண்ண முதல், கூலன்ற் வாசிப்பையும் எஞ்சின் உள்ளிழுக்கிற காத்தின்ரை சூட்டு வாசிப்பையும் பக்கத்திலை வைச்சுப் பாருங்கோ. ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்டாய் இருக்கவேணும். சென்சர் கொஞ்சம் கொஞ்சமாய்ப் பிழைக்கேக்கை கோட் விழாமல் இருக்கலாம். அப்பவும் இந்தச் சோதனையிலை பிடிபடும்.